கல்யாணக் கேசட்டுக்குள் ஒரு தோட்டம்

பாகான் நக்கோடா ஓமாரிலிருந்து ஒரு தம்பி கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். வயது 51. பெர்ணம் ஆற்றுக்குத் தெற்கே ஒரு தோட்டத்தில் பிறந்தவர். அங்கே தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயம் இப்போது இல்லை. இடித்த இடத்தில் செம்பனை வளர்ந்து நிற்கிறது. 1995-லிருந்து சபாக் பெர்ணம், சுங்கை பெசார், தஞ்சோங் காராங், கோல சிலாங்கூர் வரை கல்யாணம், காதுகுத்து, சடங்கு, தோட்டக் கோயில் திருவிழா என்று வீடியோ எடுத்தே மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார். இன்று டிரோனோடு இளையவர்கள் வந்துவிட்டார்கள். அழைப்புகள் குறைந்துவிட்டன. கையில் நேரம் இருக்கிறது, மனத்தில் நிம்மதி இல்லை.

"ஐயா, இருபது வயசுல ஒரு படம் எடுக்கணும்னு ஆசைப்பட்டேன். இனிமே முடியுமா? நான் கலைஞனா, இல்ல வெறும் வீடியோக்காரனா? நாளைக்கு நான் போயிட்டா என் பேர் சொல்ல என்ன இருக்கு?"

மூன்று கேள்விகளையும் கடைசிப் பத்தியில் வைத்திருக்கிறார். அதற்கு முந்திய பத்தியில், போகிற போக்கில் ஒரு வரி: வீட்டு ஸ்டோரில் நானூறு கேசட் கிடக்கிறதாம், தூக்கிப் போடச் சொல்லி மனைவி நச்சரிக்கிறாராம்.

தம்பி, உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பதில் அந்த ஸ்டோரில்தான் கிடக்கிறது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். வயசு, கலை, பேர் எல்லாம் பிறகு. பூஞ்சணம் நமக்காகக் காத்திருக்காது.

கடற்கரையோரம் வீடு. உப்புக் காற்று, வருஷம் முழுக்க ஈரம். கேசட்டுக்கு இதைவிட மோசமான ஊர் வேண்டியதில்லை. முதல் வேலையாக எல்லாவற்றையும் தரையிலிருந்து எடுத்து, புத்தகம் அடுக்குவதுபோல் நெட்டாக நிறுத்தி, மூடி உள்ள பிளாஸ்டிக் பெட்டிகளில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். அடுக்கும்போதே ஒவ்வொரு கேசட்டின் சின்னக் கண்ணாடி வழியாக உள்ளே பாருங்கள். நாடாவின் ஓரத்தில் வெள்ளையாக மாவு பூத்தாற்போல் தெரிந்தால் அதைத் தனிப் பெட்டியில் போடுங்கள். ஆசைப்பட்டு அதை ஓட்டிப் பார்க்காதீர்கள். பூஞ்சணம் மெஷினின் தலையில் ஒட்டி, அடுத்துப் போடுகிற நல்ல கேசட்டுக்கும் தொற்றிவிடும். அவற்றைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் பிறகு கொடுக்கலாம்.

அடுத்தது, விஎச்எஸ் கேசட்டின் முதுகில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டு இருக்கும், அதை உடைத்துவிடுங்கள். மினி டிவி (MiniDV) கேசட் என்றால் சின்னக் கட்டையைத் தள்ளிப் பூட்டுங்கள். அதன்பிறகு யாரும் தவறிப்போய் அதன்மேல் பதிவு செய்ய முடியாது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. என் அப்பா நடந்து வருகிற காட்சி உலகத்தில் ஒரே ஒரு கேசட்டில்தான் இருந்தது. 1996-இல் அதன்மேல் தீபாவளி சிறப்பு நிகழ்ச்சியைப் பதிவு செய்தவன் நானேதான். அப்பா கதவைத் திறந்து வெளியே காலெடுத்து வைப்பார், உடனே ஒரு நடிகை சிரித்துக்கொண்டு வந்து வாழ்த்துச் சொல்வார். இத்தனை வருஷம் கழித்தும் அந்த வெட்டு எனக்குப் பழகவில்லை.

இனி மாற்றுகிற வேலை. மினி டிவி கேசட்டைக் கேமராவிலிருந்து ஃபயர்வயர் கம்பி வழியாகக் கணினிக்கு அப்படியே இறக்கலாம். படத்தின் தரம் துளியும் குறையாது. ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிகாபைட் பிடிக்கும். நானூறும் ஒரு மணி நேர மினி டிவி என்றே வைத்துக்கொண்டாலும் 5.2 டெராபைட், இன்றைக்கு ஒரே ஹார்ட் டிஸ்க்கில் அடங்கிவிடும். விஎச்எஸ்ஸுக்கு நல்ல பிளேயரும் கேப்சர் கருவியும் வேண்டும். பழைய பிளேயரை ஆயிரம் ரிங்கிட் கொடுத்து வாங்குவதற்கு முன், தெரிந்த வீடுகளில் கேட்டுப் பாருங்கள். டிவி மேசைக்கு அடியில் தூசியோடு கிடக்கும். கல்யாண வீட்டுக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த சிடி, டிவிடிகளின் பிரதி இருந்தால் அவற்றை முதலில் காப்பாற்றுங்கள். கேசட்டைவிட அவை சீக்கிரம் செத்துப்போகலாம்.

ஒரு மணி நேரக் கேசட்டை இறக்க ஒரு மணி நேரம் ஆகும், குறுக்கு வழி கிடையாது. ராத்திரிக்கு இரண்டு என்றால் இருநூறு ராத்திரி. எங்கிருந்து தொடங்குவது? தேதி வரிசை வேண்டாம். எந்தத் தோட்டம் இன்று இல்லையோ அங்கே எடுத்ததை முதலில் இறக்குங்கள். எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி போடுங்கள், ஒன்று உங்கள் வீட்டில், மற்றொன்று வேறு ஊரில் இருக்கிற பிள்ளை வீட்டில். வெள்ளமும் திருடனும் ஒரே நாளில் இரண்டு ஊருக்கும் வரமாட்டார்கள்.

இவ்வளவு மெனக்கெட அதில் என்ன இருக்கிறது, மாலை மாற்றுவதும் மொய் எழுதுவதும்தானே என்று கேட்பீர்கள். மாப்பிள்ளை பெண்ணை விட்டுவிடுங்கள். பின்வரிசையைப் பாருங்கள். டெண்டுக்குப் பின்னால் லயம் தெரியும். பிள்ளைகளை விட்டுச் செல்லும் ஆயாக் கொட்டகை தெரியும். அண்டாவில் கரண்டி போட்டுக் கிண்டுகிற பெண்களில் பாதிப் பேர் விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, மரம் சீவும் நிரை முடித்து, பால் ஊற்றிவிட்டு வந்தவர்கள். கேமரா தங்கள் மேல் பட்டதும் முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்கள். அந்தப் பெண்களுக்கு வேறு அசையும் படம் இருக்கிறதா?

உங்கள் பக்கத்து பெஸ்தாரி ஜெயாவை, அதாவது நம் பழைய பத்தாங் பெர்ஜுந்தையை நினைத்துப் பாருங்கள். இந்த நாட்டில் வியாபாரத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்டது அந்த வட்டாரத்துத் தென்னமாரம் தோட்டத்தில், 1917-இல். நட்டவர் ஆன்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுத் துரை. அவர் மலாயா வாழ்க்கையை வைத்து எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்சின் பெரிய இலக்கியப் பரிசான கோன்கூர் கிடைத்தது. துரை புத்தகமாக நிற்கிறார். அங்கே காடு வெட்டி, குழி தோண்டி, கன்று தூக்கியவர்கள் எதில் நிற்கிறார்கள்? அதே வட்டாரத்தில் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் என்ற ஐந்து தோட்டங்களின் மக்கள் வீட்டுக்காகப் பல வருஷம் போராடியது செய்தித்தாளில் இருக்கிறது. வீடு இருந்த காலத்தில் அவர்கள் சிரித்தது, ஆடியது, சண்டை போட்டது எல்லாம் உங்களைப் போன்ற வீடியோக்காரர்களின் ஸ்டோரில் இருக்கிறது. மனைவியிடம் இதைச் சொல்லுங்கள். ஸ்டோரில் பாதியை அவருக்கு ஒழித்தும் கொடுங்கள், நியாயம்தானே.

சரி, வயசு.

நம் நாட்டு இயக்குநர் யாஸ்மின் அகமது விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்தவர், 1958-இல் பிறந்தவர். பண்டிகைக் கால விளம்பரங்களால் நாட்டையே அழ வைத்தவர் என்றாலும் முதல் முழுநீளப் படமான 'ரபுன்' வந்தது 2003-இல்தான், 45 வயதில். தன் அம்மா அப்பாவையே அதில் கதை மாந்தராக்கினார். பிறகு ஆறு வருஷத்துக்குள் இன்னும் ஐந்து படம். கடைசிப் படம் 'டேலண்டைம்', அதில் ஒரு தமிழ்க் குடும்பம் தன் வீட்டுக்குள் தமிழிலேயே பேசும், அழும். 2009-இல் அவர் மறைந்தபோது வயது 51. இன்றைய உங்கள் வயசு.

இயக்குநர் பாலு மகேந்திரா மட்டக்களப்புப் பக்கம் அமிர்தகழியில் பிறந்தவர். 'வீடு' வந்தபோது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். சிறுவயதில் தன் அம்மா ஒரு வீடு கட்டப் பட்ட பாடுதான் அந்தப் படத்துக்கு விதை. 'தலைமுறைகள்' படத்தில் முதன்முதலாகத் தானே நடித்தபோது வயது எழுபதைத் தாண்டியிருந்தது. அவரையே பிடித்து வாட்டிய ஒன்றையும் சொல்ல வேண்டும். 'வீடு', 'சந்தியா ராகம்' போன்ற தன் படங்களின் நெகட்டிவ்கள் அழிந்துபோயின என்று கடைசிக் காலத்தில் மேடைக்கு மேடை வருந்தினார். தேசிய விருது வாங்கிய படத்துக்கே அந்தக் கதி. உங்கள் ஸ்டோரை எண்ணி நான் ஏன் பதறுகிறேன் என்று இப்போது புரியும்.

இந்த இருவரும் நடு வயதில் திரும்பிப் போனது அம்மா அப்பாவிடம். நம் ஊரிலும் தீபக் குமாரன் மேனன் 2005-இல் எடுத்த 'செம்மண் சாலை' அவருடைய தாய் சொன்ன தோட்டத்துக் கதைகளிலிருந்து வந்ததுதான். அவர் அப்போது இளைஞர், டிஜிட்டல் கேமராவில் சின்னச் செலவில் எடுத்தார். பெரிய கதை தேடி நீங்களும் எங்கும் போக வேண்டாம். உங்கள் அம்மாவுக்கு 78 வயது, நினைவு நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

கலைஞனா வீடியோக்காரனா என்ற கேள்வியில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை, மன்னிக்கவும். தாலி ஏறும் நொடி எப்போது என்று மேளக்காரர் கை தூக்கும் முன்பே உங்களுக்குத் தெரியும். எந்த மாமா குடித்துவிட்டுத் தகராறு பண்ணப் போகிறார் என்று வாசலிலேயே தெரியும். யாரும் கவனிக்காத மூலையில் நாள் முழுக்க நிற்கத் தெரியும். ஆவணப்படம் எடுக்கிறவருக்கு வேண்டிய முக்கால்வாசி இதுதான், பள்ளியில் சொல்லித் தர முடியாதது. நீங்கள் மறக்க வேண்டியது சில உண்டு. இதய வடிவத்தில் விரிகிற காட்சி மாற்றம், மெதுவாக ஓடும் மாலை, ஓயாத சினிமாப் பாட்டு. மூன்றையும் பெட்டியில் பூட்டுங்கள். ஒரு காட்சியில் கை நிலைத்து நாற்பது வினாடி அப்படியே நிற்கப் பழகுங்கள். முப்பது வருஷம் ஐந்து வினாடிக்கு ஒரு வெட்டு வெட்டியவருக்கு இது பத்தியம் இருப்பதுபோல் கஷ்டமாக இருக்கும்.

பிரான்சில் ஆன்யேஸ் வார்தா என்ற இயக்குநர் எழுபது வயதைத் தாண்டி, 2000-இல், கைக்கடக்கமான டிஜிட்டல் கேமராவோடு அறுவடை முடிந்த வயலில் மிச்சம் பொறுக்குகிறவர்களைப் படமெடுத்தார். நடுவில் கேமராவைத் திருப்பித் தன் சுருங்கிய கையையே எடுத்தார். படத்தில் 'நான் யார்' என்பதற்கு அந்தக் கையும் ஒரு பதில். செக்கிஞ்சான் வயல்களைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு அந்தக் கை ஞாபகம் வரும்.

இனி நான் சொல்கிற படத்தை எடுங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம். அழிந்த தோட்டத்தில் எடுத்த ஒரு கல்யாணக் கேசட்டைத் தேர்ந்தெடுங்கள். அம்மாவையும், அதே லயத்தில் இருந்த இன்னும் இரண்டு மூன்று பெரியவர்களையும் உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார வையுங்கள். கேசட்டை ஓட விடுங்கள். அவர்கள் அதைப் பார்ப்பதை நீங்கள் எடுங்கள். அவ்வளவுதான். "நம்ம மேட்டு லயத்து ஆயா இல்ல அது?" என்று ஒருவர் ஆரம்பித்தால் அடுத்த அரை மணி நேரத்துக்கு நீங்கள் வாய் திறக்கத் தேவை இருக்காது.

அம்மாவைத் தனியாகப் பேட்டி எடுக்கும்போது, "உங்க வாழ்க்கையப் பத்திச் சொல்லுங்கம்மா" என்று மட்டும் கேட்காதீர்கள். "என்னத்தடா சொல்றது, கஷ்டப்பட்டோம்" என்பதோடு கதை முடிந்துவிடும். பெரட்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்தீங்க? பால் வாளி தூக்கும் காண்டா கம்பு எந்தத் தோள்ல? பால் மங்கு மரத்தில எப்படி மாட்டுவீங்க? ஒட்டுப்பால் நாத்தம் துணியில போக என்ன செய்வீங்க? என்னை ஆயாக் கொட்டகையில விட்டுட்டுப் போன முதல் நாள் நான் அழுதேனா? கையால் செய்ததைக் கேளுங்கள், கை சைகையோடு பதில் வரும். அந்தக் கையை எடுங்கள். ஒரு கேள்வி முடிந்தபின் எட்டு, பத்து வினாடி பேசாமல் இருங்கள். சொல்ல வேண்டாம் என்று நினைத்தது அந்த இடைவெளியில்தான் வெளியே வரும். வந்தபின் இது படத்தில் வேண்டாம் என்று அம்மா சொன்னால், வேண்டாம். பெற்ற தாயிடமும் சம்மதம் கேட்க வேண்டும்.

கேமரா உங்களிடம் இருப்பதே போதும், நல்ல கைப்பேசியும் போதும். காசைச் சத்தத்துக்குச் செலவழியுங்கள். சட்டையில் குத்துகிற மைக் ஒன்று வாங்குங்கள், கல்யாண மண்டபத்து ஸ்பீக்கரை நம்பிய பழக்கம் இங்கே உதவாது. சன்னல் வெளிச்சம் முகத்தின் பக்கவாட்டில் விழும்படி உட்கார வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். ஐஸ்பெட்டியின் பிளக்கையும் பிடுங்குங்கள், அதன் உறுமல் பதிவில் இடியாய்க் கேட்கும். பிடுங்கிய கையோடு உங்கள் மோட்டார் சாவியை ஐஸ்பெட்டிக்குள் வையுங்கள். கிளம்பும்போது சாவியைத் தேடுவீர்கள், பிளக்கைத் திரும்பப் போட நினைவு வரும். இது படப்பிடிப்புக்காரர்களின் பழைய தந்திரம், ஒரு மீன் குழம்பு கெட்டுப்போன பிறகுதான் நான் கற்றுக்கொண்டேன்.

சட்டத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. நீங்கள் எடுத்த கல்யாண வீடியோ உங்களுடையது என்று நினைத்திருப்பீர்கள். 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே உரிமை போகும், வேறுவிதமாகப் பேசிக்கொண்டிருந்தால் ஒழிய. ஆகவே அந்தக் குடும்பத்தைத் தேடிப் போய் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அரைப் பக்கத் தாள் போதும்: எந்தக் கேசட், எந்தப் படம், எங்கே காட்டப்போகிறேன். போகும்போது சும்மா போகாதீர்கள், அவர்கள் கல்யாணத்தை பென்டிரைவில் போட்டுக் கொண்டுபோங்கள். பெரும்பாலான வீட்டில் பழைய கேசட்டைப் போட்டுப் பார்க்க மெஷினே இருக்காது. கதவு தானே திறக்கும். ஆனால் அந்த மணவாழ்க்கை முறிந்திருக்கலாம், யாராவது இறந்திருக்கலாம். கைப்பேசியில் முதலில் விசாரித்துவிட்டுப் போங்கள். வீடியோவில் நீங்கள் சேர்த்த சினிமாப் பாட்டு எதையும் புதுப் படத்தில் வைக்க முடியாது, அதற்குத் தனி உரிமை. செம்பனைத் தோட்டத்துக்குள் கேமராவோடு நுழைய நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். நாம் பிறந்த இடம்தானே என்பது காவலாளியிடம் செல்லாது.

பண உதவி பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1981-இல் சட்டம் போட்டு உருவான ஃபினாஸ்தான் திரைப்படத்துக்கான அரசு அமைப்பு. படம் தயாரிப்பதற்கும் காட்டுவதற்கும் உரிமம் தருவது அவர்கள், எனவே படமெடுக்கும் முன்பே நேரில் போய் விசாரியுங்கள். மானியத்தை நம்பி முதல் படத்தைத் தள்ளிப் போடாதீர்கள். ஒரு மைக், இரண்டு ஹார்ட் டிஸ்க், பெட்ரோல். உங்கள் ஒரு கல்யாணக் கூலிக்குள் முடியும்.

உலு கிளாங்கில் இருக்கும் ஃபினாஸ் வளாகம் பழைய மெர்டேக்கா ஸ்டூடியோ, மலாய் நடிகரும் இயக்குநருமான பி. ரம்லி படமெடுத்த இடம். அந்த ரம்லியை 1950-இல் 'பக்தி' படத்தில் முதன்முதலாகக் கதாநாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன், மதராஸில் பிறந்த தமிழர். நாட்டுக்கே ரம்லியைத் தெரியும். கிருஷ்ணனை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். தமிழில் எடுத்தது இந்த நாட்டுப் படமா என்ற கேள்வி 2016-இல் வந்தது. சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' தோட்டத்தைவிட்டு வெளியேறி அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் நின்ற தலைமுறையின் கதை. அது மலாய்மொழிப் படம் இல்லை என்று மலேசியத் திரைப்பட விழாவில் வேறு பிரிவில் ஒதுக்கினார்கள். மலாய்க் கலைஞர்களே எதிர்த்தார்கள். விதி மாற்றப்பட்டது, கடைசியில் சிறந்த மலேசியப் படம் என்ற விருது அதற்கே வந்தது. உங்கள் படத்திலும் அம்மா தோட்டத் தமிழில் பேசுவார், நடுநடுவே மலாய்ச் சொல் வரும். ஒன்றையும் திருத்தாதீர்கள். கீழே மலாயில் எழுத்து ஓடட்டும், பக்கத்துக் கம்போங் மக்களும் பார்க்க வேண்டாமா?

கடைசியாக, பேர். உங்கள் பேரைப் படத்தின் முடிவில் ஒரு வரி போட்டால் போதும். வேலை இருப்பது மற்றவர்கள் பேரில். கேசட்டை இறக்கும்போதே கோப்புக்கு வருஷம், மாதம், தோட்டம், குடும்பம் என்ற வரிசையில் பெயர் வையுங்கள். '1997-06 - தோட்டத்தின் பெயர் - இன்னார் வீட்டுக் கல்யாணம்'. பக்கத்திலேயே ஒரு எழுத்துக் கோப்பு: பன்னிரண்டாவது நிமிஷத்தில் சிவப்புப் புடவை யார், தவில்காரர் எந்தத் தோட்டம், பின்னால் தெரிகிற கட்டடம் பால்கொட்டகையா, பள்ளிக்கூடமா. பெரியவர்கள் இருக்கும்போதே இதை நிரப்ப வேண்டும். அவர்கள் போய்விட்டால் நானூறு மணி நேரமும் முகம் தெரியாதவர்களின் ஊர்வலமாகிவிடும். படம் முடிந்து வெளியிட்ட பிறகு தேசிய நூலகத்துக்குப் பிரதி கொடுங்கள். 1986-ஆம் ஆண்டு ஒப்படைப்புச் சட்டம் புத்தகத்துக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள், அது படத்துக்கும் உண்டு. அங்கே உங்கள் அம்மா, ஐஸ்பெட்டி அணைந்த அமைதியில், மங்கு மாட்டுகிற கையோடு இருப்பார்.

முதல் காட்சியை மண்டபத்தில் வைக்க வேண்டாம். ஏதாவது ஒரு தோட்டக் கோயில் திடலில், திருவிழாவுக்கு மறுநாள், வெள்ளைத் துணி கட்டிப் போடுங்கள். அந்தக் காலத்தில் அந்தத் திடலில்தானே பாய் விரித்துப் படம் பார்த்தோம். நம் ஊரில் ஏழரைக்கு மேல்தான் நன்றாக இருட்டும், எட்டு மணிக்கு ஆரம்பியுங்கள். பெரியவர்களுக்கு முன்வரிசையில் நாற்காலி. இரண்டாம் நிமிஷத்தில் யாராவது எழுந்து, "நிறுத்து நிறுத்து, அது எங்கம்மா!" என்று கத்துவார்கள். கையை இடைநிறுத்தும் பொத்தானிலேயே வைத்திருங்கள், தம்பி.